காகிதத்தில் 2,000 வெள்ளி, கையில் 1,400: ஊர்க்காரரை வேலைக்கு எடுக்குமுன்

வாசகியின் கடிதம், சுருக்கமாக

சிங்கப்பூரில் கணவருடன் சேர்ந்து ஒரு சிறிய இந்திய உணவகத்தை நடத்திவரும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. உணவகம் தனியார் நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. கணவன், மனைவி இருவருமே இயக்குநர்கள். உள்ளூர்வாசிகள் 8 பேர், வேலை அனுமதியில் இருக்கும் மலேசியர் 2 பேர் என மொத்தம் 10 பேர் அங்கே வேலை செய்கிறார்கள். தலைமைச் சமையல்காரர் உடல்நலம் கருதி விலகிக்கொண்டதால், தமிழ்நாட்டில் கணவரின் சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்து அனுபவமுள்ள ஒருவரை வரவழைக்க ஏற்பாடு நடக்கிறது.

அந்த ஏற்பாட்டின் விவரங்கள்தாம் வாசகியின் தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றன. சமையல்காரர் முதலில் சுற்றுலா வருகையாளராக வந்து, சம்பளம் இல்லாமல் இரண்டு வாரம் சமைத்துக் காட்டுவார். பிடித்திருந்தால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் காட்டி வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பார்கள். மாதாமாதம் அதில் 600 வெள்ளியை அவர் ரொக்கமாகத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஊரில் உள்ள முகவர் ஒருவர் சமையல்காரரிடம் 3 லட்சம் ரூபாய் வாங்கி, அதில் 1 லட்சத்தைக் கணவருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தியாவிலிருந்து ஒருவரை எடுக்க உணவகத்தின் ஊழியர் எண்ணிக்கை போதாது என்பதால் மாமியாரையும் கணவரின் அண்ணன் மகனையும் ஊழியர்களாகக் காட்டி மத்திய சேமநிதி செலுத்தத் திட்டம். மாமியாருக்குப் போன மாதமே செலுத்தத் தொடங்கிவிட்டார்கள். வார இறுதியில் சமையல்காரரைக் கொழுந்தனாரின் விருந்துச் சமையல் தொழிலுக்கும் அனுப்புவார்கள்; கடவுச்சீட்டு உணவகப் பெட்டகத்தில் இருக்கும்.

இவற்றோடு இன்னொரு செய்தியையும் வாசகி சேர்த்திருக்கிறார். பாத்திரம் கழுவும் மலேசிய ஊழியர் ஒருவர் பின்கட்டில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டு, மருத்துவர் தந்த 5 நாள் விடுப்பில் இருந்தார். மருந்துச் செலவைக் கொடுத்து, “இதை வெளியே சொல்ல வேண்டாம்” என்று கணவர் கேட்டுக்கொண்டாராம். “நான் பெயரளவில்தான் இயக்குநர். இதில் எனக்கு ஏதாவது பொறுப்பு உண்டா? அவர் நம் ஊர்ப் பிள்ளைதானே, சம்மதித்துத்தானே வருகிறார்?” என்பவை வாசகியின் கேள்விகள்.

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இந்தக் கடிதத்தை விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்னால் எழுதியது பெரிய விஷயம். நீங்கள் குறிப்பிட்டவற்றில் பெரும்பாலானவை இன்னும் திட்டமாகவே இருக்கின்றன. நடந்துவிட்டவை இரண்டு: மாமியார் பெயரில் செலுத்திய சேமநிதி, தெரிவிக்கப்படாத காயம். இரண்டையும் சரிசெய்ய வழி இருக்கிறது, ஆனால் காலம் தாழ்த்தினால் அந்த வழி குறுகிக்கொண்டே போகும். ஆகவே உங்களைப் பயமுறுத்துவதற்காக இல்லாமல், எந்த இடத்தில் எந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காகவே தண்டனைகளையும் வெளிப்படையாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் முழுவதும் ஓர் எண்ணம் ஓடுகிறது: தெரிந்த குடும்பம், சம்மதத்தோடு வருகிறார், ஆகவே இது வீட்டு விவகாரம் போன்றது என்பது. சிங்கப்பூரின் வெளிநாட்டு மனிதவள வேலைநியமனச் சட்டம் இதை அப்படிப் பார்ப்பதில்லை. வேலை அனுமதி என்பது, நீங்கள் மனிதவள அமைச்சுக்குச் சொன்ன விவரங்களின் பேரில், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உங்கள் நிறுவனத்துக்கு வழங்கப்படும் இசைவு. நிபந்தனைகளைக் காக்க வேண்டிய கடமை முதலாளிக்கு உரியது. ஊழியர் சம்மதித்தார் என்பதால் அது தளர்வதில்லை, முகவர் பார்த்துக்கொள்வார் என்பதால் அவருக்குக் கைமாறுவதும் இல்லை.

சம்பளமில்லாத இரண்டு வாரம்

சம்பளம் கொடுக்காவிட்டால் அது வேலை ஆகாது என்று உங்கள் கணவர் நினைப்பது, நான் அடிக்கடி கேட்கும் தவறான எண்ணம். ஒருவரை வேலைக்கு அமர்த்துவது என்றால் அவருடைய சேவையைப் பயன்படுத்துவது, சம்பளத்துடனோ சம்பளம் இல்லாமலோ, என்றே மேற்சொன்ன சட்டம் வரையறுக்கிறது. சுற்றுலா வருகையாளர் ஒருவர் உங்கள் சமையலறையில் அடுப்படியில் நிற்பதை அதிகாரிகள் கண்டால், நீங்கள் அவரை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்ற அனுமானம் எழும். அதை மறுத்து நிரூபிக்கும் சுமை உங்கள் மீது வரும். உறவினர், விருந்தாளி, கைகொடுத்தார் என்ற விளக்கங்கள் அந்தச் சுமையை எளிதில் இறக்கிவிடுவதில்லை.

செல்லுபடியாகும் அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் 5,000 வெள்ளி முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். தனிநபர் ஒருவர் இரண்டாம் முறை குற்றவாளியாகக் காணப்பட்டால் சிறைத்தண்டனை கட்டாயம். வேலை செய்தவருக்கும் 20,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ உண்டு. நாட்டைவிட்டு அனுப்பப்பட்டு, மீண்டும் இங்கே வேலைக்கு வரமுடியாத நிலையும் ஏற்படலாம். “நம் ஊர்ப் பிள்ளை” என்று நீங்கள் அன்போடு குறிப்பிடுபவரின் எதிர்காலம் அந்த இரண்டு வாரத்தில் அழிந்துபோகக்கூடும் என்பதைக் கணவரிடம் சொல்லுங்கள். சமைப்பதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றால், கணவர் ஊருக்குச் சென்று அவர் இப்போது வேலை செய்யும் இடத்திலேயே சாப்பிட்டுப் பார்க்கட்டும். அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

8 விழுக்காடும் மாமியாரின் சேமநிதியும்

2023 செப்டம்பருக்கு முன்பு உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரரை வேலை அனுமதியில் எடுக்க வழியில்லை. அந்த மாதத்திலிருந்து, சேவைத் துறையில் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் இந்தியா, இலங்கை, பங்ளாதேஷ் போன்ற நாடுகளிலிருந்து ஆள் எடுக்கலாம் என்று அமைச்சு அனுமதித்தது. இந்திய உணவகச் சமையல்காரர் அந்தப் பட்டியலில் இடம்பெற்றார். அதற்கு இரண்டு முக்கிய நிபந்தனைகள் உண்டு. மாதாந்தர நிலையான சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளியாக இருக்க வேண்டும். இந்த வகையில் எடுக்கப்படுவோர் நிறுவனத்தின் மொத்த ஊழியரில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டு ஊழியர் எல்லாருக்கும் சேர்த்துச் சேவைத் துறைக்கு உரிய பொதுவான 35 விழுக்காட்டு வரம்பு இதற்கு மேலே தனியாக இருக்கிறது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இப்போது 10 பேர், புதியவரோடு 11. பதினொருவரில் ஒருவர் என்பது 9 விழுக்காட்டுக்கும் மேல். ஒருவர் 8 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டுமானால் குறைந்தது 13 பேர் தேவை. மாமியாரும் அண்ணன் மகனும் கணக்கில் நுழைந்ததன் காரணம் இதுதான். உள்ளூர் ஊழியர் ஒருவர் முழுதாக ஒருவராகக் கணக்கிடப்பட, அவருக்கு உள்ளூர்த் தகுதிச் சம்பளமாவது கொடுக்கப்பட வேண்டும். 2024 ஜூலையில் அது மாதம் 1,600 வெள்ளியாக உயர்ந்தது. அவ்வப்போது மேலும் உயர்த்தப்படுகிறது. பாதிச் சம்பளக்காரர் பாதி ஆளாகவே எண்ணப்படுவார். அமைச்சு இந்த எண்ணிக்கையைச் சேமநிதிக் கணக்கிலிருந்தே எடுக்கிறது என்பதால், வேலை செய்யாதவருக்குச் சேமநிதி செலுத்தினால் போதும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதை நான் மிகக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். வேலை செய்யாத ஒருவரை ஊழியராகக் காட்டி அனுமதி பெறுவது பொய்யான விவரம் தந்த குற்றம். அதற்கு 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இனி வெளிநாட்டு ஊழியரையே எடுக்க முடியாதபடி நிறுவனம் தடைசெய்யப்படலாம். அப்போது உங்களிடம் ஆண்டுக்கணக்கில் உழைத்த மலேசியர் இருவரின் அனுமதியும் புதுப்பிக்கப்படாமல் போகலாம். விசாரணை வந்தால் உங்கள் மாமியாரையும் வாக்குமூலத்துக்கு அழைப்பார்கள். எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறீர்கள், யார் உங்கள் மேலாளர், சம்பளம் எந்தக் கணக்கில் விழுகிறது என்ற எளிய கேள்விகளுக்கு அந்த வயதில் அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கும், அல்லது மகனைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும். இந்த நெருக்கடியில் ஒரு மூதாட்டியை நிறுத்துவது எந்தக் குடும்பத்துக்கும் தகாது.

செலுத்திய ஒரு மாதத் தொகையை என்ன செய்வது? இந்த மாதம் முதல் நிறுத்துங்கள். பிறகு ஒரு வழக்கறிஞரோடு நேரில் உட்கார்ந்து, யார் சொல்லி, எப்போது, எவ்வளவு செலுத்தப்பட்டது என்பதை உள்ளபடி எழுதிக்கொண்டு, அவர் வழிகாட்டலோடு சேமநிதிக் கழகத்தை அணுகுங்கள். “எழுத்தர் செய்த தவறு” என்று மாற்றிச் சொல்ல யாராவது ஆலோசனை தந்தால் கேட்காதீர்கள். திருத்த வந்த இடத்தில் சொல்லும் பொய், முதல் பொய்யைவிட உங்களுக்கு அதிகத் தீங்கு செய்யும். பொய்க்கணக்கை வைத்து நீங்கள் இன்னும் எந்த அனுமதியும் கேட்கவில்லை என்பது உங்களுக்குச் சாதகமான உண்மை. அதை அப்படியே காத்துக்கொள்ளுங்கள்.

ஆள் எடுக்க நேர்மையான வழிகள் இல்லாமல் இல்லை. மலேசியச் சமையல்காரர் ஒருவருக்கு இந்த 8 விழுக்காட்டு வரம்பு பொருந்தாது; அவரையும் சேர்த்தால் உங்கள் வெளிநாட்டு ஊழியர் 11 பேரில் 3 பேர், அதாவது 35 விழுக்காட்டுக்குள். உண்மையாகவே உள்ளூர்வாசிகள் இருவருக்கு வேலை தந்து 13 பேராக வளர்வது இன்னொரு வழி; அண்ணன் மகன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் உண்மையிலேயே கல்லாவில் உட்கார்ந்து முழுநேரம் வேலை செய்து, உரிய சம்பளம் வாங்கினால் அதில் குற்றம் ஏதுமில்லை. மூன்றாவது, நடுத்தரத் திறனுள்ள வெளிநாட்டு ஊழியருக்கான எஸ் பாஸ். அதற்குச் சேவைத் துறையில் 10 விழுக்காடு வரை இடம் உண்டு. பதினொருவரில் ஒருவர் அதற்குள் அடங்குவார், நாட்டுக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடக்கூட அதுவும் கூடும். வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வை மாதம் 650 வெள்ளி. உங்கள் வரவுசெலவு இதைத் தாங்குமா என்பதை நீங்கள் இருவரும்தான் கணக்கிட வேண்டும். இந்த வரம்புகள் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளன்று அமைச்சின் இணையக் கணிப்பான் காட்டும் எண்ணிக்கையையே முடிவாகக் கொள்ளுங்கள்.

திரும்பி வரும் 600 வெள்ளியும் முகவர் தரும் 1 லட்சமும்

வேலை அனுமதிக்குக் கொள்கையளவு ஒப்புதல் கிடைத்ததும் ஒரு கடிதம் வரும். சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஊழியர் தம் நாட்டைவிட்டுப் புறப்படுவதற்கு முன்பே, அவருக்குப் புரியும் மொழியில் அது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தக் கடிதத்தில் உள்ள சம்பளமே அவருக்குச் சேர வேண்டிய சம்பளம். வங்கியில் 2,000 போட்டுவிட்டு 600-ஐக் கையில் வாங்கினால், அமைச்சிடம் சொன்ன சம்பளம் பொய்யாகிறது. வாங்கிய ஒவ்வொரு 600 வெள்ளியும் வேலை தந்ததற்காகப் பெற்ற கையூட்டாகவும் பார்க்கப்படலாம். தங்குமிடச் செலவு என்று சொல்கிறீர்கள். ஊழியர் எழுத்தில் ஒப்புக்கொண்டு, விண்ணப்பத்தில் தெரிவித்து, ஒப்புதல் கடிதத்திலும் சம்பளச் சீட்டிலும் வெளிப்படையாகக் காட்டப்படும் தங்குமிடப் பிடித்தம் வேறு. அதற்கும் ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்கு என்ற உச்சவரம்பு இருக்கிறது. கடை மூடிய பிறகு உறையில் வைத்து வாங்கப்படும் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

முகவர் விஷயம் இதைவிட நேரடியானது. வேலை கொடுப்பதற்கோ வேலையில் வைத்துக்கொள்வதற்கோ ஈடாக, ஊழியரிடமிருந்து நேரடியாகவோ வேறொருவர் மூலமாகவோ பணம் பெறும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. பணம் இந்தியாவில் ரூபாயாகக் கைமாறுகிறது, நான் கேட்கவில்லை அவராகத் தருகிறார் என்பவை உங்களைக் காப்பாற்றும் பதில்கள் ஆகா. இந்தியாவிலும் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுபெற்ற முகவரே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய், அதன் மேல் வரி என்று வரம்பு இருக்கிறது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர் ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். 3 லட்சம் கேட்பவர் எந்த நாட்டின் விதிக்குள் நிற்கிறார் என்று கணவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

இங்கே சட்டத்தைத் தாண்டியும் ஒன்று சொல்ல வேண்டும். 3 லட்சம் ரூபாயைப் பெரும்பாலும் நிலத்தையோ நகையையோ அடகு வைத்துத்தான் புரட்டுவார்கள். கையில் 1,400 வெள்ளி வாங்கி, அதில் வட்டியும் கட்டி வீட்டுக்கும் அனுப்பும் ஒருவர், முதல் ஆண்டு முழுவதும் கடனுக்காகவே உழைப்பார். நோய் வந்தாலும் சொல்ல மாட்டார், காயம் பட்டாலும் மறைப்பார், 14 மணி நேரம் நிற்கச் சொன்னாலும் நிற்பார். “நேரம் காலம் பார்க்காமல் உழைக்கும் பிள்ளை” என்று உங்கள் கணவர் மகிழ்ந்து சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உழைப்புக்குப் பின்னால் நிற்கப்போவது கடன். வேலை நியமனச் சட்டப்படி, மாதம் 4,500 வெள்ளிக்கு மிகாமல் சம்பளம் வாங்கும் உடலுழைப்பு ஊழியருக்கு வாரம் 44 மணி நேரமே வழக்கமான வேலை. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு ஊதியம். மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் கூடுதல் வேலை வாங்கக் கூடாது. வாரம் ஒரு நாள் ஓய்வு. வெளிநாட்டவர் என்பதால் இவற்றில் எதுவும் குறையாது. சம்பளம், சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள்ளும் கூடுதல் நேர ஊதியம் 14 நாளுக்குள்ளும் தரப்பட வேண்டும். விவரமான சம்பளச் சீட்டும், வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவதும் 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். சம்பளம் குறைத்துத் தரப்பட்டால் அவர் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியிடமும், அங்கே தீராவிட்டால் வேலை தொடர்பான உரிமைக்கோரல் நடுவர் மன்றத்திலும் முறையிடலாம். வேலையைவிட்டு நின்ற பிறகும் அதற்கு 6 மாத அவகாசம் உண்டு.

உங்கள் நிறுவனம் தன் பையிலிருந்து ஏற்க வேண்டியவை எவை என்றும் கேட்டிருந்தீர்கள். மலேசியர் அல்லாத வேலை அனுமதிக்காரர் ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளிப் பிணை, ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி காப்புள்ள மருத்துவக் காப்பீடு, ஊழியரின் திறன் நிலையையும் வெளிநாட்டினர் விகிதத்தையும் பொறுத்து மாதம் 300 முதல் 800 வெள்ளி வரையான தீர்வை, வந்த இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை, முறையான தங்குமிடம், வேலை முடிந்து ஊர் திரும்பும் பயணச் செலவு. அவருடைய தங்குமிட முகவரியை அமைச்சிடம் பதிவு செய்வதும், இடம் மாறினால் 5 நாளுக்குள் திருத்துவதும் உங்கள் வேலை. தீர்வை, பிணை, காப்பீடு போன்ற செலவுகளைச் சம்பளத்தில் பிடிப்பதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. ஊழியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அது செல்லாது. இந்தத் தொகைகள் எல்லாம் சேர்ந்துதான் அவரை வேலைக்கு எடுக்க ஆகும் உண்மையான செலவு. 2,000 வெள்ளியை மட்டும் பார்த்துவிட்டு 600-ஐத் திரும்ப வாங்க நினைப்பது, இந்தக் கணக்கை முன்கூட்டியே போடாததன் விளைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கொழுந்தனாரின் விருந்துச் சமையலும் கடவுச்சீட்டும்

அனுமதியில் எந்த முதலாளி, எந்த வேலை என்று இருக்கிறதோ, அந்த முதலாளிக்கு அந்த வேலையை மட்டுமே அவர் செய்யலாம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாருக்குச் சமைத்தாலும், அனுமதியில்லாத ஆளை வேலைக்கு வைத்தவராகக் கொழுந்தனாரும், நிபந்தனையை மீறியவராக உங்கள் நிறுவனமும் பதில் சொல்ல வேண்டிவரும். அந்த நாள் அவருடைய ஓய்வு நாள் என்பதையும் மறக்க வேண்டாம். கடவுச்சீட்டு அவரிடமே இருக்கட்டும். “பத்திரமாக இருக்கும்” என்ற நல்லெண்ணத்தில் வாங்கி வைப்பதும் கடவுச்சீட்டுச் சட்டத்தில் சிக்கலுக்கு இடம் கொடுக்கும். பூட்டுள்ள ஓர் அலமாரியை அவருக்குக் கொடுத்தால் போதும்.

முதுகில் அடிபட்ட ஊழியர்

உங்கள் கடிதத்தில் கடைசியாக, ஏறக்குறைய போகிறபோக்கில் எழுதப்பட்ட இந்தச் செய்தியே எனக்கு முதலில் செய்ய வேண்டியதாகப் படுகிறது. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் உள்ளூர்வாசி, மலேசியர், பிற நாட்டவர் என்று பிரிப்பதில்லை. வேலையிட விபத்தால் மருத்துவ விடுப்போ இலகுவேலையோ தரப்பட்டிருந்தால், அது ஒரு நாளாக இருந்தாலும், முதலாளிக்குத் தெரிந்த 10 நாளுக்குள் அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும். உங்கள் கணக்குப்படி அந்த 10 நாள் கடந்துவிட்டது. தாமதமாகத் தெரிவிப்பது தெரிவிக்காமலே விடுவதைவிடப் பன்மடங்கு மேல். ஆகவே இன்றே தெரிவியுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். உடலுழைப்பு ஊழியர் எல்லாருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், வேலையிடக் காயக் காப்பீடு எடுப்பது கட்டாயம். உங்கள் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முதுகு வலி இப்போது குறைந்திருக்கலாம். ஆறு மாதம் கழித்து அவரால் குனிய முடியாமல் போனால், காயம் எங்கே ஏற்பட்டது என்பதற்குப் பதிவே இல்லை என்றாகிவிடும். இழப்பீடு கேட்க யாருடைய தவறு என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையின்போது வேலை காரணமாக நேர்ந்தது என்பதே போதும். ஆனால் விபத்து நடந்த ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். மருத்துவச் செலவோடு, மருத்துவ விடுப்புக்கான ஊதியமும் அவருக்கு உரியது. மருத்துவமனையில் சேராத விடுப்பில் முதல் 14 நாளுக்கு முழு ஊதியம், அதன் பிறகு மூன்றில் இரண்டு பங்கு. 5 நாளுக்கும் முழுச் சம்பளம் கொடுத்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லை என்றால் இந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துச் சம்பளச் சீட்டிலும் காட்டுங்கள். “வெளியே சொல்ல வேண்டாம்” என்று சொன்னதை உங்கள் கணவரே அவரிடம் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஊழியர் மனத்தில் இப்போது இருக்கும் பயம், உங்கள் உணவகத்தில் இனி நடக்கும் எந்த விபத்தும் உங்கள் காதுக்கு வராமல் போகக் காரணமாகிவிடும்.

“பெயரளவில் இயக்குநர்” என்ற நிலை

சட்டத்தில் அப்படி ஒரு நிலை கிடையாது. நிறுவனம் செய்த குற்றம் ஓர் இயக்குநரின் இசைவோடோ, தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விட்டதாலோ, கவனக்குறைவாலோ நடந்திருந்தால் அவரும் குற்றவாளியாகலாம். எல்லாம் தெரிந்து, கவலைப்பட்டு, எனக்குக் கடிதமும் எழுதிய பிறகு “எனக்குத் தெரியாது” என்று நீங்கள் சொல்ல முடியாது. அமைச்சுக்கான விண்ணப்பங்கள் அரசு இணையச் சேவைகளுக்கான உங்கள் சிங்பாஸ் கணக்கு வழியாகவே செல்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையென்று உறுதிகூறும் பெட்டியைத் தட்டுவது உங்கள் விரல். உங்கள் கடவுச்சொல்லைக் கணவரிடம் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். உண்மை என்று உங்களுக்குத் தெரியாத எந்த விவரத்தையும் அனுப்பாதீர்கள்.

இதைக் கணவரோடு சண்டையாக ஆக்க வேண்டியதில்லை. உங்கள் மறுப்பை ஒரு குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அமைதியான சொற்களில் எழுதி அனுப்புங்கள்: சுற்றுலா வருகையில் வருபவரைச் சமையலறைக்குள் விட ஒப்பவில்லை, முகவர் பணத்தை வாங்க ஒப்பவில்லை, மாமியாரின் சேமநிதியை நிறுத்த வேண்டும் என்று. எழுத்தில் இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு, அவரும் இரண்டாவது முறை யோசிப்பார். அதற்குப் பிறகும் அவர் பிடிவாதமாக இருந்தால், இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகுவது குறித்துத் தனியாக ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அவர் உங்கள் கணவருக்கும் நிறுவனத்துக்கும் வழக்கறிஞராக இல்லாதவராக இருக்கட்டும். உங்கள் நலனும் கணவரின் நலனும் இந்த விஷயத்தில் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். காயத்தைத் தெரிவிப்பது முதல் வேலை. சேமநிதியை நிறுத்தி வழக்கறிஞரைப் பார்ப்பது அடுத்தது. மூன்றாவதாக, ஊரில் இருக்கும் அந்தச் சமையல்காரருக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். பயணச்சீட்டு எடுத்திருந்தால் ரத்துசெய்யச் சொல்லுங்கள். முகவரிடம் முன்பணம் ஏதும் கொடுத்தாரா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் அதற்கான ரசீதையும் செய்திகளையும் பத்திரப்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், திரும்பக் கேட்கும்போது அவை அவருக்கு வேண்டியிருக்கும். உங்கள் உணவகம் 13 பேராக உண்மையிலேயே வளர்ந்த பிறகோ, எஸ் பாஸ் செலவை ஏற்க நீங்கள் முடிவெடுத்த பிறகோ, மீண்டும் அழைப்பதாகச் சொல்லலாம். அப்போது தமிழில் எழுதிய ஒப்புதல் கடிதத்தை முதலில் கையில் வாங்கி, அதிலுள்ள சம்பளத்தையும் பிடித்தங்களையும் வீட்டாரோடு உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகே அவர் வேலையை விட்டு நிற்கட்டும்.